முந்நூற்று எழுபத்திரண்டாவது பச்சை

டிக். நாலு பச்சை. டிக். அஞ்சும் பச்சை. ஆறு கொஞ்சம் யோசிக்கிறது, யோசிக்கட்டும், எனக்கே காலையில் எழுந்தால் இன்றைக்கு என்ன கிழமை என்று பிடிபட ஒரு நிமிஷம் ஆகிறது, டிக், வந்துவிட்டது, ஆறும் பச்சை. மணி ஆறேகால் ஆனால் கம்ப்யூட்டரில் இந்தப் போர்டு தானாக ஓட ஆரம்பித்துவிடும். நானூற்றுப் பன்னிரண்டு பாடம், நானூற்றுப் பன்னிரண்டு லிங்க். ஒவ்வொன்றாகப் போய்க் கதவைத் தட்டி, இருக்கியா என்று கேட்டு, இருக்கேன் என்று பதில் வந்தால் திரையில் ஒரு பச்சைப் பொட்டு, இல்லை என்றால் சிவப்புப் பொட்டு. எல்லாம் கண் தெரியாத பிள்ளைகள் காதால் கேட்டுப் படிக்கிற பாடம். எந்தெந்த ஊரிலோ யார் யாரோ உட்கார்ந்து வாசித்துப் பதிவு பண்ணி, ஓசியில் ஃபைல் போட்டுவைக்க இடம் தருகிற ஒரு வெளிநாட்டுக்காரன் தளத்தில் ஏற்றியது. அந்த லிங்கையெல்லாம் பட்டியலாகச் சேர்த்து வைத்திருப்பவர் தேவசகாயம் சார். சாருக்கும் பார்வை கிடையாது, முப்பது வருஷம் அந்தப் பிள்ளைகளுக்கே பாடம் நடத்தி ரிட்டயர் ஆனவர். ஏழு மணிக்கு, ஒரு நிமிஷம் முன்னே பின்னே கிடையாது, போன் அடிப்பார். "இசக்கி, எத்தனை பச்சை?" என்பார். "அத்தனையும் பச்சை சார்" என்பேன். "சந்தோஷம்டே" என்று வைத்துவிடுவார். நாற்பது நாளாக இதே பேச்சுத்தான்.

நாற்பது நாளில் ஒரு சிவப்புக்கூட இல்லை. அதுதான் தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது. இருபத்தியெட்டு வருஷம் களக்காட்டில் கேபிள் ஓட்டினவன் நான், இன்றைக்கும் தெருவில் எனக்குப் பேர் கேபிள் இசக்கிதான், கேபிள் போய்ப் பல வருஷம் ஆகியும் பேர் போகவில்லை. எழுநூறு வீட்டுக்குக் கனெக்ஷன் கொடுத்திருந்தேன். ஒரு நாள் போன் அடிக்கவில்லை என்றால் நிம்மதியாகப் படுக்கிற ஆள் இல்லை நான், ரிசீவரை எடுத்து டயல் டோன் வருகிறதா என்று காதில் வைத்துப் பார்ப்பேன். கம்ப்ளெயிண்ட் வரவில்லை என்றால் லைன் நல்லா இருக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆபீஸ் போன் செத்துக் கிடக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இது எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நாய்க்கடி பட்டுக் கற்றது. அப்படிப்பட்டவன் நாற்பது நாளாக அத்தனையும் பச்சை சார், அத்தனையும் பச்சை சார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். டிக். எழுபத்தெட்டு. டிக். கம்ப்ளெயிண்ட் வராமலும் இல்லை. வந்தது. எட்டு நாளைக்கு முன்னால் ஒரு பெண் குரல், "சார், நான் புளியங்குடியில இருந்து முப்பிடாதி பேசுதேன், தேவசகாயம் சார் உங்க நம்பர் தந்தாவ" என்றது. சார் அவளைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறார். பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர், தகுதித் தேர்வு பாஸ் பண்ணினால்தான் வரும் வருஷம் வைத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். நாலாவது தடவை எழுதப் போகிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை தேர்வு, இன்றைக்கு வியாழன். அவள் சொன்னாள், "குழந்தை மேம்பாடு புத்தகத்துல இருபத்திமூணாம் பாடம் வரலை சார், பக்கம் தொறக்கு, ஆனா பாடம் பாடலை, அதுல என்ன போட்டிருக்குன்னா..." நான் முடிக்க விட்டேனா? விடவில்லை. "இங்க பச்சையா இருக்கும்மா. லைன் கிளியரா இருக்கு. உன் போனை ஒருக்க அணைச்சுப் போட்டுப் பாரு" என்றேன். "பச்சையா சார்?" என்றாள். "ஆமாம்மா." லேசாகச் சிரித்தாள். "பச்சைன்னா சரிதான் சார்" என்று வைத்துவிட்டாள். பச்சையையே பார்த்திராத பிள்ளை பச்சைன்னா சரிதான் சார் என்கிறது. அந்தச் சிரிப்பு எட்டு நாளாக என் காதை விட்டுப் போகவில்லை, குளித்தாலும் போகவில்லை, தலையணையில் காதை அழுத்தினாலும் போகவில்லை.

அணைச்சுப் போட்டுப் பாரு. எழுநூறு வீட்டுக்கும் இருபத்தியெட்டு வருஷம் நான் சொன்னது இதுதான். லைன் இருக்கு படம் இல்லைன்னு போன் பண்ணுவார்கள், இங்கே கன்ட்ரோல் ரூமில் என் டிவியில் படம் பளிச்சென்று இருக்கும், "நம்ம பக்கம் கிளியரா இருக்கு, உங்க பெட்டியைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிப்பேன். பாதி நாள் தப்பு நம்ம பக்கம்தான் இருக்கும், அணில் கடித்திருக்கும், மழைத்தண்ணி ஜாயிண்டுக்குள் இறங்கியிருக்கும். டிக். நூற்று முப்பது. இந்தப் போர்டைக் கட்டும்போது மும்தாஜ் சிரித்தாள். அவள் பஸ் ஸ்டாண்ட் எதிரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறவள், என் தங்கச்சி வயசு இருக்கும், வாய் மட்டும் நாலு ஊருக்குக் காணும். லிங்க் எல்லாம் உசிரோட இருக்கான்னு ஒரே பார்வையில் தெரிகிற மாதிரி ஒரு போர்டு வேண்டும் என்று காலண்டர் அட்டையின் பின்பக்கம் வரைந்து கொண்டுபோய்க் காட்டினேன். கட்டம் கட்டமாக, கட்டத்துக்கு ஒரு பல்பு. "என்ன அண்ணாச்சி, கேபிள் ரூம் சுவித் போர்டையே வரைஞ்சு கொண்டாந்திருக்கிய" என்றாள். "எனக்குத் தெரிஞ்சது அதுதானட்டி." "அது சரி, டிஷ்ல காக்கா கூடு கட்டுனதையும் வரைஞ்சிருக்கலாம்லா" என்றாள். எட்டாங் கிளாஸ் படித்தவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் சொல்லச் சொல்ல நான் ஒற்றை விரலால் தட்டி, ஒரு புள்ளி விட்டுப்போனால் அத்தனையும் படுத்துவிடும், மறுபடி முதலிலிருந்து, இப்படி பதினோரு நாள். இருநூறு என்று பதில் வந்தால் ஃபைல் உசிரோடு இருக்கு, நானூற்று நாலு என்று வந்தால் போய்விட்டது, இவ்வளவுதான் சங்கதி என்றாள். சாருக்குப் பொட்டுத் தெரியாது என்பதால் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு டிக் சத்தம் வைத்தது மட்டும் முழுக்க என் யோசனை. போனைப் பெட்டிப் பக்கம் பிடித்தால் அவரும் கேட்கலாம். முதல் நாள் கேட்டுவிட்டு, "பல்லி சொல்லுத மாதிரி இருக்குடே" என்றார்.

மும்தாஜ் இன்னும் இரண்டு சொன்னாள், அதைத்தான் இன்றைக்கு விடிந்ததிலிருந்து புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். ஒன்று, "ரொம்ப நாள் யாரும் தொறக்கலன்னா தூக்கிருவான் அண்ணாச்சி, ஓசியில குடுக்கவன் அப்படித்தான்." நான் சொன்னேன், "நாமதான் தினமும் தட்டப் போறோம்லா, அது போதும்." அவளும் தலையை ஆட்டிவிட்டாள். இரண்டாவது, எல்லாம் முடிந்து நானூற்றுப் பன்னிரண்டும் பச்சையாக எரிந்த அன்றைக்கு, "நம்ம போர்டு தலையை மட்டும்தான் கேட்டுட்டு வருது, ஃபைலுக்குள்ள போவாது, கடைசியில உள்ள ஒண்ணு ரெண்ட நாமளே தொறந்து கேட்டுப் பாத்திருவமா?" என்று கேட்டாள். கையை மவுஸில் வைத்துவிட்டாள். "வேண்டாம்" என்றேன். "ஏன் அண்ணாச்சி, ஒரு நிமிசம்தான." "வேண்டாம்ங்கேம்லா" என்று கத்திவிட்டேன். கடையில் ரேஷன் கார்டுக்கு வந்திருந்த கிழவர் திரும்பிப் பார்த்தார். மும்தாஜ் கையை எடுத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, மைனிக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். அவளுக்குத் தெரியும். கடைசியில் உள்ளது எல்லாம், முந்நூற்று ஐம்பதிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு வரை அறுபத்திமூன்று பாடமும், வாசித்தது வடிவு. என் வீட்டுக்காரி சங்கரவடிவு.

டிக். இருநூற்று ஆறு. அடுப்படியில் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்கிறது. கோடு போட்ட மாதிரி ஒரே சீராகத் துருவுவாள், வாசிப்பதும் அப்படித்தான் இருந்தது. பத்தாவது படித்தவள், என்னைவிட இரண்டு வகுப்பு கூட, அதைச் சொல்லிக் காட்டாத நாள் கிடையாது. தேவசகாயம் சார்தான் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மைக்கில் அவள் அறிவிப்புச் சொன்னதைக் கேட்டுவிட்டு வீடு தேடி வந்தார். "யம்மா, உங்க தொண்டையைக் கொஞ்ச நாள் எங்க பிள்ளைகளுக்குத் தாங்க" என்றார். பிறகு தினமும் மத்தியானம் ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்க உட்கார்ந்து வாசிப்பாள். புத்தகத்தில் எங்கே மூச்சு விடவேண்டும் என்று பென்சிலால் சின்னச் சின்னக் கோடு போட்டு வைத்திருப்பாள். வீதியில் பாத்திரக்காரன் கத்தினால் நான் ஓடிப்போய் அவன் வாயை மூடவேண்டும். அறுபத்திமூன்று பாடமும் முப்பிடாதி படிக்கிற அந்த ஒரு புத்தகம்தான். கடைசிப் பாடம் முடிந்த அன்றைக்கு அவள் போனில் இடம் இல்லை, சிவப்பாக எழுத்து வந்துகொண்டே இருந்தது. "ஏங்க, எல்லாத்தையும் ஏத்தியாச்சில்லா, இதுல உள்ளத அழிச்சிரட்டா?" என்று கேட்டாள். "அழி அழி, லிங்க்ல பத்திரமா இருக்கும், நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். அழித்தாள். நான் சொல்லித்தான் அழித்தாள். அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் தொண்டைக் கட்டிக்கு ஆபரேஷன். கட்டி போய்விட்டது, உசிருக்குப் பயமில்லை, ஆனால் குரல் நரம்பு அசந்துபோய்விட்டது என்றார்கள், வந்தாலும் வரலாம் என்றார்கள். வந்தாலும் வரலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், கரண்ட் ஆபீஸில் கேட்டால் அதைத்தான் சொல்வார்கள். இப்போது அவள் பேசினால் ஸ்டேஷன் விலகின ரேடியோ மாதிரி இருக்கிறது, ஒரே காற்று, காற்றுக்குள் எங்கேயோ வார்த்தை. பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால் கேட்கும். தூரத்தில் இருந்தால் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் காப்பி. இரண்டு தட்டு என்றால் இங்கே வாங்க. மூன்று தட்டு என்றால் கோபம். சண்டை போடக்கூடக் கரண்டிதான்.

அதனால்தான் கேட்கமாட்டேன் என்றேன். அந்த அறுபத்திமூன்றில் ஒன்றைத் திறந்தால் அவள் பழைய தொண்டையோடு வந்து நிற்பாள், நான் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது, அடுப்படியில் இருக்கிறவள் கேட்டுவிட்டால் அவள் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பாள். இருக்கு என்று தெரிந்தால் போதும். பச்சை எரிகிறதா, உள்ளே இருக்கிறாள். அவ்வளவு போதும். அதுகூட எனக்குத் தாங்காது, தினமும் போர்டு முந்நூற்று நாற்பத்தொன்பதைத் தாண்டும்போது நான் எழுந்து போய்விடுவேன். சரியாக அந்த நேரத்துக்குத்தான் அடுப்படியில் ஒரு தட்டு விழும். காப்பியைக் குடித்துவிட்டு, டம்ளரை நானே கழுவி வைத்துவிட்டுத் திரும்பி வந்தால் எல்லாம் முடிந்திருக்கும், மேலே நானூற்றுப் பன்னிரண்டுக்கு நானூற்றுப் பன்னிரண்டு என்று எழுதியிருக்கும். இந்த நாற்பது நாளில் அந்த அறுபத்திமூன்று டிக்கை ஒரு நாளாவது உட்கார்ந்து கேட்டிருக்கிறேனா? இல்லை. முந்நூற்று நாற்பது. முந்நூற்று நாற்பத்திநாலு. அடுப்படியில் ணங் என்று ஒரு தட்டு. கால் தானாகத் தரையைத் தேடுகிறது. பச்சைன்னா சரிதான் சார். உட்காருலே இசக்கி. இன்றைக்கு ஒரு நாள் உட்காரு. காப்பி ஆறினால் ஆறட்டும்.

முந்நூற்று ஐம்பது, டிக், அடுத்தது கொஞ்சம் இழுத்து, டிக், அடுத்தது சட்டென்று, டிக். எண்ணைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டேன். காதுதான் எனக்கு எப்போதும் வேலைக்காரன், ஆம்பிளிஃபயர் பெட்டியில் காதை வைத்தால் எந்தத் தெருவில் சிக்னல் இறங்கியிருக்கு என்று சொல்லிவிடுவேன். டிக்... டிக். டிக்.... டிக். உசிருள்ளது அப்படித்தான் பதில் சொல்லும், ஒன்று முந்தும் ஒன்று பிந்தும், பெரிய ஃபைல் கொஞ்சம் தயங்கும், சின்னது துள்ளிக்கொண்டு வரும். நானூறு பிள்ளைகள் உள்ளேன் ஐயா சொல்கிற மாதிரி. பிறகு ஒரு இடத்தில் மாறியது. டிக் டிக் டிக் டிக் டிக். ஒரே இடைவெளி. ஒரே வேகம். தண்ணிக் குழாய் சொட்டுகிற மாதிரி. கண்ணைத் திறந்தேன், முந்நூற்று எண்பது ஓடுகிறது, எல்லாம் பச்சை, அழகாக, வரிசையாக. ஒருத்தனே எல்லாருடைய பேருக்கும் உள்ளேன் ஐயா சொல்கிறான். எங்கே மாறியது? ஒன்பது டிக்குக்கு முன்னால்... முந்நூற்று எழுபத்திரண்டு. முந்நூற்று நாற்பத்தொன்பதோடு இருபத்திமூன்று. இருபத்திமூணாம் பாடம் வரலை சார். அடுப்படியில் மறுபடியும் ஒரு தட்டு, கொஞ்சம் அழுத்தமாக. வாரேன் வடிவு, வாரேன், இந்தா வாரேன். விரலை முந்நூற்று எழுபத்திரண்டாவது பச்சையின் மேல் வைத்து அழுத்தினேன்.

பக்கம் திறந்தது. வெள்ளையாக ஒரு பக்கம், நடுவில் உடைந்த பெட்டி மாதிரி ஒரு படம், கீழே இங்கிலீஷில் இரண்டு வரி. இங்கிலீஷைத் தமிழாக்கித் தருகிற போன் காமிராவைக் காட்டினேன். தமிழில் வந்தது. கடந்த அறுபது நாட்களாக யாரும் திறக்காததால் இந்தக் கோப்பு அகற்றப்பட்டது. பக்கம் இருக்கிறது. பதில் சொல்கிறது. மரியாதையாக இருநூறு என்று சொல்கிறது. உள்ளே ஆள் இல்லை. முந்நூற்று எழுபத்திமூன்று, அதே பெட்டி. எண்பத்தைந்து, அதே பெட்டி. நானூறு, அதே. நானூற்றுப் பன்னிரண்டு, அதே. நாற்பத்தியொன்று. ஏற்றி எழுபத்தைந்து நாள் இருக்கும். போர்டு ஓட ஆரம்பித்து நாற்பது. அப்படியானால் நான் முதல் நாள் தட்டியபோது உள்ளே ஆள் இருந்திருக்கிறாள். நான் தட்டத் தட்டத்தான் போயிருக்கிறாள். மும்தாஜ் மவுஸில் கை வைத்த அன்றைக்கு ஒன்றே ஒன்றைத் திறந்து, அட, திறக்கிறதுதான் இதுக்கு உசிர் தண்ணி போலிருக்கே என்று புரிந்திருந்தால், தினமும் ஒன்றைத் திறந்து கேட்டிருந்தால், காப்பி குடிக்கிற நேரம் கேட்டிருந்தால். கேட்கப் பயந்தவன் கேட்கவே முடியாதபடி பண்ணிவிட்டேன். படம் இல்லைன்னு ஒருத்தி சொன்னாள், லைன் கிளியரா இருக்குன்னேன். எந்தக் கேபிள்காரனும் பண்ணாத தப்பா? எல்லாக் கேபிள்காரனும் பண்ணுகிற தப்பு. மணி ஆறு ஐம்பது. ஏழு மணிக்கு சார் அடிப்பார். அத்தனையும் பச்சை சார் என்று இன்றைக்கும் சொல்லலாம். பொய்யும் இல்லை, போர்டில் அப்படித்தான் இருக்கிறது. ஞாயிறு வரைக்கும் சொன்னால் போதும், தேர்வு முடிந்துவிடும், அவள் போன் சரியில்லை என்று போய்விடும், வடிவுக்கும் தெரியவேண்டாம், அவள் தொண்டை எங்கேயோ பத்திரமாக இருக்கு என்று நினைத்துக்கொண்டு தேங்காய் துருவட்டும். நினைக்கும்போதே எவ்வளவு சுகமாக இருக்கிறது. ஜுரத்தில் போர்வை இழுத்துப் போர்த்திக்கொள்கிற மாதிரி. போர்வைக்குள்ளேயே அந்தச் சிரிப்பும் இருக்கிறது.

முந்நூற்று எழுபத்தொன்றாவது இருக்கிறதா என்று பார்க்கத்தான் தட்டினேன், இருபத்திரண்டாம் பாடம், முப்பிடாதி கடைசியாகக் கேட்டது. அவள் கேட்டதெல்லாம் பிழைத்திருக்கவேண்டும். ஸ்பீக்கர் சத்தம் முழுக்க ஏறிக் கிடந்ததை யார் பார்த்தது. "பாடம் இருபத்திரண்டு," என்றது வீடு. "குழந்தை ஒரு பொருளைக் கண்ணால் காண்பதற்கு முன்பே, அதன் ஒலியை அறிந்துகொள்கிறது." அந்தக் குரல் சுவரில் எல்லாம் இடித்தது, பாத்திர அலமாரி அதிர்ந்தது. கனமான, தெளிவான, கொஞ்சம் அதிகாரமான குரல், கொடை மைக்கில் "பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும்போது பிள்ளை இல்லாதவர்கள்கூடக் கையைத் தேடுவார்களே, அந்தக் குரல். தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. நிறுத்த பட்டனைத் தேடுகிறேன், கண்ணில் தண்ணி முட்டி ஒன்றும் தெரியவில்லை, அவள் வாசித்துக்கொண்டே போகிறாள், மூச்சு விடவேண்டிய இடத்தில் விடுகிறாள், பின்னால் எங்கேயோ பாத்திரக்காரன் கத்த ஆரம்பிக்கிறான், உடனே என் செருப்புச் சத்தம் ஓடுகிறது. கதவுப் பக்கம் வடிவு நிற்கிறாள். கையில் தேங்காய் மூடி, இன்னொரு கையில் எனக்கு எடுத்த காப்பி. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. பாடம் முடிகிற வரைக்கும், ஆறு நிமிஷம், இரண்டு பேரும் அசையவில்லை. முடிந்ததும் பக்கத்தில் வந்து குனிந்தாள். காதைக் கொடுத்தேன்.

"வேகமா வாசிச்சிருக்கேன்" என்றாள். காற்று. "கேக்குத பிள்ளைய எப்படி நோட்ஸ் எடுக்கும்?"

நான் அடுத்ததைத் தட்டினேன். உடைந்த பெட்டி வந்தது. அதற்கடுத்ததைத் தட்டினேன். போனில் தமிழில் வந்ததை அவள் முன்னால் நீட்டினேன். படித்தாள். பத்தாவது படித்தவள், சீக்கிரம் படித்துவிடுவாள். "எத்தனை?" என்று விரலை விரித்துக் கேட்டாள். "நாப்பத்தொண்ணு. நான் ஒண்ணைக்கூடத் தொறந்து பாக்கல வடிவு. உன் சத்தத்தைக் கேக்கப் பயந்துக்கிட்டுப் பொட்டை மட்டும் பாத்துக்கிட்டு இருந்தேன். அந்தப் புளியங்குடிப் பிள்ளை சொல்லிச்சு. நான் கேக்கல." அவள் காப்பி டம்ளரை மேஜையில் வைத்தாள். கரண்டி கையில் இல்லை, தேங்காய் மூடியால் மேஜையில் மூன்று தட்டு தட்டினாள். பிறகு குனிந்து, "அழின்னு சொன்னிய" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திரும்பி உள்ளே போய்விட்டாள். அடுப்படிக்குப் போகவில்லை, ரூமுக்குப் போனாள். பீரோ கதவு திறக்கிற கிரீச் சத்தம் கேட்டது, எதையோ எடுத்து எறிகிற சத்தம். அழுகிறாளா என்று காதைத் தீட்டினேன். அழுதாலும் கேட்காதே இப்போது, அந்தச் சத்தமும் போய்விட்டதே.

போன் அடித்தது. ஏழு.

"இசக்கி, எத்தனை பச்சை?"

நாக்கு தானாகவே அத்தனை என்று எடுக்கப் போனது. நாற்பது நாள் பழக்கம். "தெரியல சார்" என்றேன்.

"என்னடே, போர்டு படுத்துட்டா?"

"போர்டு நல்லாத்தான் இருக்கு. பூராவும் பச்சையா எரியுது. ஆனா உள்ள பாடம் இல்ல சார். வடிவு வாசிச்சதுல நாப்பத்தொண்ணு போயிட்டு. மத்தது எத்தனை போயிருக்குன்னு இனிமேதான் ஒவ்வொண்ணாத் தொறந்து கேட்டுச் சொல்லணும். என் தப்பு சார்."

"அந்தப் பிள்ளை எங்கிட்டயும் சொல்லிச்சு இசக்கி," என்றார், மெதுவாக. "ரெண்டு தடவை சொல்லிச்சு. இசக்கி பச்சைன்னு சொல்லுதான், அவன் கண்ணால பாத்துச் சொல்லுதான், உன் போனைப் பாரு பிள்ளைன்னு நான்தான் சொன்னேன். கண்ணால பாக்கவன் சொன்னா அதுக்கு மேல என்ன இருக்குன்னு நெனைச்சுட்டேன். எனக்குமே அப்படி ஒரு புத்தி பாத்துக்க." பிறகு, "அவ வேற எங்க கேட்டும் அந்தப் புத்தகம் கெடைக்கல. கெடச்ச வரைக்கும் போதும்னு அந்த இருபத்திரண்டையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டு இருக்கா. பிரதி எதுவும் இல்லியா?" என்றார்.

"இல்ல சார்."

"யம்மாவால..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். அவருக்கும் தெரியும். வியாழன், வெள்ளி, சனி. மூன்று நாள். நாற்பத்தொன்று. யாரைப் பிடிப்பது, வாசிக்கத் தெரிந்த யார் மூன்று நாள் சும்மா இருப்பார்கள், நான் வாசித்தால் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி ஒரு பாடத்துக்கு ஒரு நாள் ஆகும், முப்பிடாதி கேட்டுவிட்டு மறுபடியும் அதே மாதிரி சிரிப்பாள். போனைக் கையில் பிடித்தபடியே இருந்தேன். ரூமில் சத்தம் நின்றிருந்தது. பிறகு ஜன்னல் சாத்துகிற சத்தம். ஒன்று. இரண்டு. என் தலைக்கு மேல் ஃபேன் சுற்றிச் சுற்றி மெதுவாகி நின்றது. திரும்பிப் பார்த்தேன். வடிவு சுவிட்சுப் பக்கம் நிற்கிறாள், கக்கத்தில் புத்தகம், கண் சிவந்திருக்கிறது, தேங்காய்ப்பூ இன்னும் விரலில் ஒட்டியிருக்கிறது. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டாள், என் இடது காதுப் பக்கம், அதுதான் எனக்கு நல்ல காது. புத்தகத்தை மடியில் விரித்தாள். பென்சில் கோடு எல்லாம் அப்படியே இருந்தது. என் போனை வாங்கி, சார் இன்னும் லைனில் இருக்கிறார் என்பதைப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டி, "அப்புறம் பேசுதோம்னு சொல்லுங்க" என்று காதில் சொன்னாள். சொன்னேன். பதிவு பண்ணுகிற பட்டனை அவளே அழுத்தினாள்.

"ஏளா, என்ன பண்ணப் போற?"

"நான் சொல்லுதேன். நீங்க சத்தமாச் சொல்லுங்க. வாசிக்கத்தான தெரியாது, கேக்கத் தெரியும்லா?"

வியர்வை முதுகில் இறங்கியது. முடியுமா, மூன்று நாளில் முடியுமா, என் கரகரத்த தொண்டையை அந்தப் பிள்ளை எப்படிச் சகிக்கும், வெளியே பாத்திரக்காரன் வந்தால் இப்போது யார் ஓடுவது. அவள் குனிந்தாள். முதலில் வெறும் காற்றுத்தான் வந்தது, ஸ்டேஷன் கிடைக்கவில்லை, இன்னும் கொஞ்சம் தலையைச் சாய்த்தேன், இன்னும் கொஞ்சம், அவள் உதடு காது மடலில் பட்டது, காற்றுக்குள்ளிருந்து வார்த்தை ஏறி வந்தது.

"பாடம் இருபத்திமூன்று" என்றேன்.

தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு. "மெதுவா" என்றது காற்று. "அந்தப் பிள்ளை எழுதிக்கிடணும்லா. திரும்பச் சொல்லுங்க."